வாடகை வீட்டை ஆணி அடிக்காமல் அழகாக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை வீட்டில் இருக்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. செலவு கையைக் கடிக்கக் கூடாது, காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வரக் கூடாது, ஆனால் வீடு நம் வீடாகத் தெரிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எப்படியும் ஒருநாள் காலி பண்ணப்போற வீடு. இதுக்குப் போய் செலவு பண்றது வீண் இல்லையா?

கட்டடத்தின் மேல் போடுகிற காசு வீண்தான். உங்கள் பொருட்களின் மேல் போடுகிற காசு வீணாகாது. திரைச்சீலை, விளக்கு, கம்பளம், கண்ணாடி எல்லாம் லாரியில் ஏறி அடுத்த வீட்டுக்கும் வரும். சுவரில் பூசியதும் தரையில் பதித்ததும் அங்கேயே நின்றுவிடும். எதை வாங்கப் போனாலும் “இது என்னோடு வருமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

“சொந்த வீடு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று வெறுஞ்சுவரையும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளையும் பார்த்துக்கொண்டே வருடங்களை ஓட்டுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். காலையில் கண் விழிப்பது அந்த அறையில்தானே.

கையில கொஞ்சம்தான் காசு இருக்கு. முதல்ல எதை வாங்கறது?

முதலில் விளக்கு. அடுத்து ஜன்னல் திரை. அதன்பின் படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு. சுவருக்குக் கடைசி இடம். பலரும் தலைகீழாகப் போகிறார்கள். குடிவந்த முதல் வாரமே சுவர் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட்டு, “ஏதோ குறையுதே” என்கிறார்கள். ஓர் அறைக்குள் நுழைந்ததும் கண்ணுக்குப் படுவது அங்கே விழும் வெளிச்சமும் பெரிய பரப்பில் விரிந்திருக்கும் துணிகளும்தான். அந்த இரண்டும் சரியாக இருந்தால் வெற்றுச் சுவர்கூட அமைதியாகத் தெரியும்.

சோபா, அலமாரி போன்ற பெரிய சாமான்களுக்கு அவசரப்பட வேண்டாம். சில வாரங்கள் குடியிருந்தால் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, உங்களுக்கு எங்கே உட்காரத் தோன்றுகிறது என்பது தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன், அந்தப் பொருளின் நீள அகலத்துக்குச் செய்தித்தாள்களைத் தரையில் விரித்து ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு இடிக்கிறதா, பிளக் பாயின்ட் மறைகிறதா என்பது பைசா செலவில்லாமல் புரியும். லிஃப்டின் கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும்கூட அளந்துவிடுங்கள்.

பழைய சாமான் வாங்குவது நல்ல யோசனை. திடமான மரத்தில் செய்த பழைய மேசை, புதிய மலிவுப் பலகை மேசையை விடப் பல வீடு மாற்றங்களைத் தாங்கும். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மெத்தை, சோபா தையல் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்க்காமல் மட்டும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

ஓனர்கிட்ட என்னன்னு கேக்கறது? மொத்தமா வேண்டாம்னு சொல்லிட்டா?

“வீட்டைக் கொஞ்சம் அலங்கரிக்கலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் “எதுவும் செய்யாதீங்க” என்றுதான் பதில் வரும். “ஹால் ஜன்னலுக்கு மேல் இரண்டு ஸ்க்ரூ போட்டுத் திரைக்கம்பி மாட்டலாமா? காலி செய்யும்போது அடைத்துத் தருகிறேன்” என்று இடம், அளவு, திருப்பிச் சரிசெய்யும் முறை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சரி என்றால் அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை இரண்டு வருடம் கழித்து நினைவில் இருக்காது.

சாமான் இறக்குவதற்கு முன்பே, காலி வீட்டை ஒவ்வொரு சுவராக, ஒவ்வொரு மூலையாகப் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆணி, ஓட்டை, கீறல், கறை எல்லாம் கிட்டத்தில் தெரிய வேண்டும். அன்றே ஓனருக்கும் அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவாகிவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. முன்னால் இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்குக் கிடைக்கும். படம், கடிகாரம், கண்ணாடிக்கு அவையே பல நேரம் போதும்.

என் வீட்டுச் சுவர் எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் சுண்ணாம்போ சாதா டிஸ்டெம்பரோ பூசிய சுவர். அதில் எந்த ஒட்டும் பொருளும் நிற்காது. பசை சுவரைப் பிடிக்காமல் அந்த மாவைத்தான் பிடிக்கும். மாவு வராமல், ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தாலும் நிறம் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் எமல்ஷன். பளபளப்பாக, வழவழப்பாக இருந்தால் எனாமல் மாதிரியான பெயிண்ட். ஒட்டுவதற்கு இதுதான் தோது.

விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்டால் ஜிப்சம் பலகைச் சுவர். அதில் ஓனர் அனுமதியோடு ஸ்க்ரூ போட்டாலும் சாதாரணப் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) பிடிக்காது, பலகைக்கென்று உள்ள தனிப் பிளக் தேவை. கடைசியாக, கதவுக்குப் பின்னால் ஓரிடத்தில் சாதா ஒட்டுநாடாவை ஒட்டி ஒரு நாள் விட்டு உரியுங்கள். பெயிண்ட் செதில் நாடாவோடு வந்தால் அந்த வீட்டில் சுவரில் ஒட்டுகிற எண்ணத்தையே விட்டுவிடலாம்.

ஒட்டற ஹூக் ரெண்டே நாள்ல விழுந்துடுது. மட்டமான சரக்கா?

பெரும்பாலும் சரக்கில் கோளாறு இல்லை, ஒட்டிய விதத்தில்தான். சுவரில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சோப்பே ஒரு படலமாகத் தங்கிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியதும் 30 விநாடி பலமாக அழுத்திப் பிடியுங்கள். அதன்பிறகு 1 மணி நேரம் எதையும் மாட்டாதீர்கள். பசை சுவரோடு ஒட்டி உட்கார அந்த நேரம் வேண்டும். ஒட்டின கையோடு பையை மாட்டுவதுதான் விழுவதற்கு முதல் காரணம்.

அட்டையில் போட்டிருக்கும் எடை, வழவழப்பான பரப்பில், அசையாமல் தொங்கும் பொருளுக்கானது. தினமும் எடுத்து மாட்டுகிற பை, சாவிக்கொத்து என்றால் அதில் பாதியைத்தான் நம்புவேன். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவராக இருந்தால் குறைந்தது 1 வாரம் பொறுங்கள். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் படுக்கையின் தலைமாட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் மட்டும் வேண்டாம்.

கழட்டும்போது பெயிண்ட்டும் சேர்ந்து உரிஞ்சு வந்துடுமே?

இழுத்தால் நீண்டு விடுபடும் வகை ஒட்டுப்பட்டையை வாங்கினால் வராது, இழுக்கும் முறை தெரிந்திருந்தால். பட்டையின் கீழே சின்ன வால் ஒன்று தொங்கும். ஒரு கையால் ஹூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, அந்த வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேர் கீழே, மெதுவாக இழுங்கள். பட்டை ரப்பர் போல ஓர் அடி வரைகூட நீண்டு, மெலிந்து, தானே விட்டுவிடும். உங்களை நோக்கி இழுத்தால்தான் பெயிண்ட் பெயரும். வால் அறுந்துவிட்டால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தையல் நூலைப் பின்னால் விட்டு அறுப்பதுபோல் இழுத்து எடுக்கலாம்.

இரண்டு பக்கமும் பசையுள்ள பஞ்சு நாடா வேறு சமாச்சாரம். அது மலிவு, பிடிப்பும் அதிகம், ஆனால் சுவரைக் காயப்படுத்தாமல் வெளியே வராது. வாடகை வீட்டுச் சுவருக்கு அது ஆகவே ஆகாது.

டியூப்லைட் போட்டா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. வயரிங்ல கை வைக்காம மாத்த முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறு எதிலும் வராது. பல்பு அட்டையில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, நீங்கள் சொல்லும் ஆஸ்பத்திரி வெளிச்சம். 4000 நடுத்தரம், சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் நல்லது. 2700 முதல் 3000 வரை மாலை நேரத்து மஞ்சள்; படுக்கையறை, ஹால் இரண்டுக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரே அறையில் வெவ்வேறு எண்களைக் கலக்காதீர்கள். சிஆர்ஐ என்று இன்னோர் எண் இருந்தால் 90க்கு மேல் உள்ளதை எடுங்கள். துணியின் நிறமும் முகத்தின் நிறமும் உள்ளபடி தெரியும்.

பிரகாசத்துக்கு லூமன் எண்ணைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டுபல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமன். எல்இடியில் 8, 9 வாட்டிலேயே வந்துவிடும். ஹோல்டர் எந்த வகை என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். அழுத்தித் திருப்புவது என்றால் பெரும்பாலும் பி22, திருகிப் பொருத்துவது என்றால் பெரும்பாலும் இ27.

அப்புறம், கூரையில் உள்ள ஒற்றை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். தரையில் நிற்கும் விளக்கு ஒன்று, மேசை விளக்கு ஒன்று, அலமாரி மேல் சின்னதாக ஒன்று என்று வெவ்வேறு உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது அறையின் மூலைகள் உயிர்பெறும். எல்லாமே பிளக்கில் செருகுபவைதான், வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் மட்டும் ஓட்டாதீர்கள். மிதிபட்டு உறை கிழிந்தால் வெளியே தெரியாது. வீட்டிலிருந்த பழைய பல்புகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்து, போகும்போது திரும்ப மாட்டிவிடுங்கள்.

கர்ட்டன் கம்பியே இல்லை, ஸ்க்ரூவும் போடக் கூடாதாம். என்ன பண்றது?

ஸ்பிரிங் கம்பி வாங்குங்கள். ஜன்னல் குழிக்குள் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே இறுகி நிற்கும். மெல்லிய துணியை அது நன்றாகத் தாங்கும். கனமான இருட்டுத் திரைக்கு நீளம் கூடக் கூடத் தொய்ந்துவிடும். முனைகளில் ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சுவரில் வட்டமாகத் தடம் விழும்.

ஓனரிடம் ஒரே ஒரு அனுமதி வாங்க முடியும் என்றால் அதைத் திரைக்கம்பிக்கு வாங்குங்கள். கம்பியை ஜன்னலுக்குச் சற்று மேலே என்று இல்லாமல் கூரைக்கு அருகில் மாட்டி, துணியைத் தரை தொடும் அளவுக்கு விட்டால் அறையே உயர்ந்ததுபோல் தெரியும். துணியின் மொத்த அகலம் கம்பியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். அளவாக எடுத்த துணி, மூடியதும் பலகைபோல் நிற்கும். நீளத்தைக் குறைக்கும்போது வெட்டாமல் உள்ளே மடித்துத் தையுங்கள். அடுத்த வீட்டு ஜன்னல் உயரமாக இருக்கலாம்.

தரை ரொம்ப மோசம். அங்கங்க கறை, உடைஞ்ச டைல்ஸ். மறைக்க முடியுமா?

பெரிய விரிப்பு ஒன்று போதும். சின்னச் சின்னதாக மூன்று நான்கு வாங்கினால் அறை துண்டு துண்டாகத் தெரியும். சோபாவின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நிற்கும் அளவு வேண்டும். அடியில் வழுக்காத வலை விரிக்காமல் போடாதீர்கள், முக்கியமாக வயதானவர்கள் இருக்கும் வீட்டில்.

தரை வினைல் (பிளாஸ்டிக் வகைத் தரைத்தாள்) என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியும் விரிப்பும் வினைலில் மஞ்சளாகக் கறை ஏற்றும். அது ரப்பரிலுள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்குவதால் வருவது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வினைலுக்கு உகந்தது என்று குறிப்பிட்டிருக்கும் வலையை மட்டும் வாங்குங்கள்.

ஒட்டி உரிக்கிற வால்பேப்பர் நிஜமாவே சுத்தமா உரிஞ்சு வருமா?

நல்ல எமல்ஷன் அல்லது எனாமல் பூசிய, சமமான, காய்ந்த சுவரில் வரும். மாவு வரும் சுவரில் ஒட்டவே ஒட்டாது. சொரசொரப்பான சுவரில் ஓரங்கள் தூக்கும். புதுப் பெயிண்ட் உள்ளே முழுதாக இறுக சுமார் 4 வாரம் ஆகும், அதற்குமுன் ஒட்டினால் பெயிண்ட்டோடுதான் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்துப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். உரிக்கும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, உரித்த பகுதியை சுவரோடு மடித்தாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் நான்கு சுவருக்கு ஒட்டுவதை விட்டுவிட்டு, அலமாரியின் உட்புறப் பலகை, மேசைப் பரப்பு, ஒரு சின்னச் சுவர் என்று நிறுத்திக்கொள்வேன். முதல் பதிலில் சொன்ன கணக்குதான். வால்பேப்பர் உங்களோடு வராது.

துணியைக் கஞ்சி போட்டுச் சுவர்ல ஒட்டலாம்னு சொல்றாங்களே?

ஒட்டலாம். கெட்டிக் கஞ்சியைச் சுவரில் தடவி, மெல்லிய பருத்தித் துணியை மேலிருந்து கீழாக ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு தடவிவிட்டால் காய்ந்ததும் வால்பேப்பர் போலவே நிற்கும். எடுக்கும்போது வெந்நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் ஈரமாக்கி உரித்து, சுவரைத் துடைத்துவிடலாம். துணியைத் துவைத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம் என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

எமல்ஷன், எனாமல் சுவருக்கு மட்டும்தான் இது. டிஸ்டெம்பர் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சாயம் போகும் துணியும் வேண்டாம். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஈரப்பதம் அதிகமுள்ள அறையில் கஞ்சியில் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு ஆணிகூட அடிக்க முடியாத சுவர். படத்தை எங்க வைக்கறது?

மாட்டாமல் சாய்த்து வையுங்கள். மேசை மேலோ தாழ்வான அலமாரி மேலோ பெரிய படம் ஒன்று, அதன் முன் சின்னது ஒன்று என்று ஒன்றையொன்று கொஞ்சம் மறைக்கிற மாதிரி வைத்தால் மாட்டியதை விட நன்றாகவே இருக்கும். மாட்ட வழி இருந்தால், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரட்டும், அதாவது கண்ணின் நேர். பெரும்பாலான வீடுகளில் படம் அளவுக்கு மீறி மேலே தொங்குகிறது.

கிச்சன் கேபினட் பார்க்கவே சகிக்கல. அதை என்ன செய்ய?

கைப்பிடிகளை மாற்றிப் பாருங்கள். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை, மையத்திலிருந்து மையத்துக்கு, மில்லிமீட்டரில் அளந்து அதே அளவில் வாங்க வேண்டும். 96, 128 ஆகியவை சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள். பழைய கைப்பிடியையும் ஸ்க்ரூவையும் ஒரு பையில் போட்டு, கேபினட் உள்ளேயே மேல்தட்டில் வைத்துவிடுங்கள். கதவுகளுக்கு ஒட்டும் தாள் போடலாம், ஆனால் மேல்பூச்சு ஏற்கெனவே உப்பியிருந்தால் உரிக்கும்போது பூச்சும் வரும். அடுப்புக்குப் பின்னாலும் பக்கத்திலும் எந்த ஸ்டிக்கரும் ஆகாது. சூட்டில் சுருங்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

பாத்ரூம்ல?

உறிஞ்சிப் பிடிக்கும் ஹூக், டைல்ஸின் வழவழப்பான நடுப்பகுதியில் மட்டும் நிற்கும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள கோட்டில் பட்டால் காற்று நுழைந்து விழுந்துவிடும். நல்ல துண்டு, புது மிதியடி, மஞ்சள் வெளிச்ச பல்பு, இவ்வளவு போதும்.

செடி வெச்சா அழகா இருக்கும், ஆனா வெயிலே வராது. எது பிழைக்கும்?

மணி பிளான்ட்டும் பாம்புச் செடியும் குறைந்த வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். ஆனால் குறைந்த வெளிச்சம் என்றால் இருட்டு இல்லை. பகலில் விளக்குப் போடாமல் புத்தகம் படிக்க முடிகிற இடமாவது வேண்டும். இவை சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பூனை, நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இரண்டு செடிகளும் அவற்றுக்கு ஆகாது. தொட்டிக்கு அடியில் தட்டு இல்லாவிட்டால் தரையில் வட்டக்கறை விழும். பால்கனிக் கம்பியில் தொங்கவிடுபவர்கள் தண்ணீரின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1 லிட்டர் 1 கிலோ.

உயரமான புத்தக அலமாரியைச் சுவர்ல பிணைக்காம நிறுத்தினா தப்பா?

குழந்தைகள் இருக்கும் வீட்டில் தப்பு. இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டாக்கி ஏறும் வயதில் அலமாரி அப்படியே சாய்ந்துவிடும். ஒட்டுப்பட்டை இந்த வேலைக்கு ஆகாது. ஓனரிடம் இதைப் பாதுகாப்பு விஷயமாகச் சொல்லி ஒரு ஸ்க்ரூவுக்கு அனுமதி கேளுங்கள். அழகுக்காகக் கேட்டால் மறுப்பவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பது உண்டு. சம்மதிக்கவில்லை என்றால் இடுப்புயரத்துக்கு மேற்படாத அலமாரிகளாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கனமானவை கீழ்த்தட்டில்தான். தரையில் நிறுத்திச் சாய்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கும் இதே பேச்சுதான்.

அனுமதி வாங்கி ஒரு ஓட்டை போட்டேன். இப்போ அதை எப்படி மூடறது?

பிளக்கை வெளியே எடுத்து, தூசியை ஊதிவிட்டு, ஓட்டையை லேசாக நனைத்து, சுவர்ப் புட்டியை உள்ளே வரை அழுத்தித் திணியுங்கள். காய்ந்ததும் சற்று உள்வாங்கும், இன்னொரு முறை நிரப்பி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். சிரமம் நிறத்தில்தான். பழைய வெள்ளை நாளாக ஆக மங்கியிருக்கும். புது வெள்ளை அதன்மேல் பொட்டாகத் தெரியும். குடிவரும்போதே பெயிண்ட் பெயரும் எண்ணும் ஓனரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், சின்ன டப்பா வாங்கி அந்த இடத்தில் மட்டும் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்.

ஸ்டிக்கர் பசை போகவே மாட்டேங்குது. எண்ணெய் தேய்க்கலாமா?

கண்ணாடி, டைல்ஸ், எவர்சில்வர் மேல் தாராளமாகத் தேய்க்கலாம். ஊறவிட்டு சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். பெயிண்ட் அடித்த சுவரில் எண்ணெய் படவே கூடாது, உறிஞ்சிக் கறையாகிவிடும். அங்கே ஹேர் டிரையர் சூடு காட்டி, விரலால் உருட்டி உருட்டி எடுப்பதுதான் வழி.

சுவர்ல ஈரம் ஊறிப் பெயிண்ட் உப்பியிருக்கு. பெரிய படமோ துணியோ போட்டு மறைச்சுடலாமா?

மறைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் பின்னால் பூஞ்சை பரவும், படமும் துணியும் சேர்ந்து கெடும், காலி செய்யும்போது அந்தச் சேதமே உங்கள் தலையில் விழலாம். ஈரம் பெரும்பாலும் கூரை, வெளிச்சுவர், தரை, குழாய் இவற்றில் ஒன்றிலிருந்து வருவது. அதைச் சரிசெய்வது கட்டடத்தின் வேலை, குடியிருப்பவரின் அலங்காரத்தில் அடங்காது. கண்டதும் படம் எடுத்து ஓனருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரியாகும்வரை அலமாரி, கட்டில் எதையும் அந்தச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை அளவு தள்ளியே போடுங்கள்.